பக்கத்து வீட்டு மீட்டர்

(மின் சிக்கன வாரத்தையொட்டி, கோவையில் குடியிருப்போர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் டிசம்பர் 14-ஆம் தேதியைத் தேசிய எரிசக்தி சேமிப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறோம். அதையொட்டிப் பள்ளிகளில் கட்டுரைப் போட்டி நடக்கும், தெருவில் ஊர்வலம் போகும், மின் அலுவலக வாசலில் பதாகை கட்டுவார்கள். "தேவையற்ற விளக்கை அணையுங்கள்" என்ற வாசகத்தை நாம் எல்லோரும் சிறுவயதிலிருந்தே படித்து வருகிறோம். அது சரியான வாசகம்தான். ஆனால் அந்த வாசகம் எழுதப்பட்ட காலத்தில் வீட்டில் 60 வாட் குண்டு பல்பு எரிந்தது. இன்று அதே இடத்தில் 9 வாட் எல்.இ.டி. பல்பு எரிகிறது. ஒரு மணி நேரம் மறந்து விட்டாலும் அது எடுப்பது நூறில் ஒரு பங்கு யூனிட்டைவிடக் குறைவு. வீட்டில் கரண்ட் போகும் வழி மாறிவிட்டது, அறிவுரை மட்டும் மாறவில்லை.

இன்று நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான். மின் சிக்கனத்தைப் பற்றி ஒருவருக்கொருவர் பேசுங்கள். பேசும்போது எண்ணோடு பேசுங்கள். உங்கள் வீட்டு மீட்டர் காட்டிய எண்ணாக அது இருக்கட்டும். "ஃபேனை மாற்றினேன், பில் குறைந்தது" என்று சொன்னால் கேட்பவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். "மூன்று ஃபேன் மாற்றினேன், இரண்டு மாதத்தில் 120 யூனிட் குறைந்தது" என்று சொல்லிப் பாருங்கள். அவர் வீட்டுக்குப் போய்த் தன் வீட்டு ஃபேன்களை எண்ணுவார்.

இதை வெறும் நம்பிக்கையில் சொல்லவில்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் சான் மார்கோஸ் என்று ஓர் ஊர். அங்கே உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ராபர்ட் சியால்டினி, வெஸ்லி ஷுல்ட்ஸ் ஆகியோர் அந்தக் குழுவில் இருந்தவர்கள். வீட்டு வாசல் கதவுகளில் அட்டைகளைத் தொங்கவிட்டார்கள். சில வீடுகளுக்கு, மின்சாரத்தைக் குறைத்தால் பணம் மிச்சம் என்ற செய்தி. சில வீடுகளுக்குச் சுற்றுச்சூழலைக் காப்போம் என்ற செய்தி. சில வீடுகளுக்கு வருங்காலத் தலைமுறைக்கு நம் கடமை என்ற செய்தி. இன்னும் சில வீடுகளுக்கு, உங்கள் அக்கம்பக்கத்தார் பெரும்பாலோர் இதைச் செய்கிறார்கள் என்ற செய்தி. பிறகு மீட்டரைப் பார்த்தார்கள். அக்கம்பக்கத்தாரைப் பற்றிச் சொன்ன வீடுகளில்தான் மின்சாரம் மிகவும் குறைந்திருந்தது. எது உங்களை மாற்றும் என்று மக்களிடம் வாய்விட்டுக் கேட்டபோதோ, அக்கம்பக்கத்தார் செய்வதைத்தான் மிகக் குறைவான காரணமாக அவர்கள் சொன்னார்கள். 2008-இல் இந்த ஆய்வு வெளிவந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்த, அதே ஊரில் செய்த இன்னொரு சோதனையை நாம் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். அதில் ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த வீட்டின் பயன்பாட்டையும் அந்தப் பகுதியின் சராசரியையும் சேர்த்து எழுதிக் கொடுத்தார்கள். சராசரிக்கு மேல் இருந்தவர்கள் குறைத்துக்கொண்டார்கள். சராசரிக்குக் கீழே இருந்தவர்கள் கூட்டிவிட்டார்கள். எல்லோரும் இவ்வளவு செலவழிக்கும்போது நாம் மட்டும் ஏன் சிக்கனமாக இருக்க வேண்டும் என்று தோன்றியிருக்கும். அப்படிப்பட்ட சில வீடுகளின் அட்டையில் ஒரு சிரித்த முகத்தை வரைந்து கொடுத்தபோது, அந்த வீடுகள் கூட்டவில்லை. குறைவாகச் செலவழிப்பவரை நாலு பேர் முன்னால் பாராட்டத் தவறினால் அவரையும் இழந்துவிடுவோம் என்பது எனக்கு இதிலிருந்து கிடைத்த பாடம். நம் ஊரில் பில் அதிகம் வந்தவர் சத்தமாகப் பேசுகிறார். குறைவாக வந்தவர் வாயைத் திறப்பதில்லை. அவர் பேச வேண்டும்.

சரி, எண்ணோடு பேச வேண்டுமென்றால் எண் எங்கிருந்து கிடைக்கும்? இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து ரீடிங் எடுக்கிறார்களே, அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டு வாசலில் இருக்கும் டிஜிட்டல் மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருக்கும். அதன் பக்கத்தில் ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். பல மீட்டர்களில் அது 3200. அந்த விளக்கு 3200 முறை மின்னினால் ஒரு யூனிட் ஆயிற்று என்று பொருள். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மின்னுகிறதோ அதை 18.75-ஆல் பெருக்கினால் அந்த நேரத்தில் வீடு எடுக்கும் வாட் தெரிந்துவிடும். உங்கள் மீட்டரில் வேறு எண் இருந்தால் கணக்கும் மாறும்: 60,000-ஐ அந்த எண்ணால் வகுத்து, வருவதால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

பகலில் வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பிரிட்ஜையும் சில நிமிடங்களுக்கு நிறுத்திவிட்டு, ஒரே ஒரு சீலிங் ஃபேனை மட்டும் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். சாதாரண ஃபேன் என்றால் நிமிடத்துக்கு நான்கு முறை மின்னும். அதாவது 75 வாட். அதே இடத்தில் பி.எல்.டி.சி. என்ற சிக்கன மோட்டார் வைத்த ஃபேன் இருந்தால் இரண்டு நிமிடத்துக்கு மூன்று முறைதான் மின்னும், ஏறக்குறைய 28 வாட். ஃபேனை நிறுத்திவிட்டு 2000 வாட் வாட்டர் ஹீட்டரைப் போடுங்கள். எண்ணத் திணறும் வேகத்தில், நொடிக்குக் கிட்டத்தட்ட இரண்டு முறை மின்னும். வீட்டுப் பிள்ளைகளை இதற்கு அழைத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளை ஒரு மணி நேரத்தில் முழு வீட்டையும் அளந்து எழுதிவிடும்.

எல்லாவற்றையும் அணைத்த பிறகும் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால்? பத்து நிமிடம் பொறுமையாக எண்ணுங்கள். ஐந்து முறை மின்னினால் சுமார் 10 வாட் எங்கோ போகிறது. பெரும்பாலும் அது செட் டாப் பாக்ஸாக இருக்கும். ரிமோட்டில் அணைத்தால் டி.வி. திரைதான் அணைகிறது, பெட்டி உள்ளே வேலை செய்துகொண்டேதான் இருக்கும். 10 வாட் என்பது சின்னதாகத் தெரியும். ஒரு நாளைக்கு 18 மணி நேரம் யாரும் பார்க்காதபோதும் அது ஓடினால், இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 11 யூனிட். சுவரில் இருக்கும் சுவிட்சை அணைப்பதற்கான கூலி அது. எதுவும் காரணம் தெரியாமல் மின்னினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வயரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். அது பணக் கணக்கைவிட முக்கியமான பாதுகாப்பு விஷயம்.

ஃபேனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச விரும்புகிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டு வீடு என்றால் ஃபேன்தான். ஏ.சி. பலர் வீட்டில் இல்லை. ஃபேன் இல்லாத வீடு அபூர்வம், அதுவும் ஒன்றோடு நிற்பதில்லை. ஒரு சாதாரண ஃபேன் கோடையில் ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 67 யூனிட் ஆகிறது. பி.எல்.டி.சி. ஃபேன் அதே காற்றுக்கு 25 யூனிட் எடுக்கும். ஃபேன் ஒன்றுக்கு 42 யூனிட் வித்தியாசம். பழைய பெட்டி ரெகுலேட்டர் வைத்த ஃபேனில் வேகத்தைக் குறைத்தால் கரண்டும் அதே அளவு குறையும் என்று நினைக்கிறோம். அந்த ரெகுலேட்டர் மிச்சத்தில் பெரும்பகுதியை வெப்பமாக்கி வீணடிக்கிறது. தொட்டுப் பாருங்கள், சுடும். எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் அந்த இழப்பு இல்லை. 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேன்களுக்கும் நட்சத்திரக் குறியீடு கட்டாயமாகிவிட்டதால், கடையில் வாங்கும்போது ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி வந்திருக்கிறது.

இப்போது பில்லுக்கு வருவோம். விகிதங்கள் அவ்வப்போது மாறும். கணக்கு நடக்கும் விதத்தைக் காட்டுவதற்காக 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விகிதத்தை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு, 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு, 400 வரை 4 ரூபாய் 50 காசு, 500 வரை 6 ரூபாய். ஆக 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். ஆனால் 500-ஐத் தாண்டினால் அந்த 2 ரூபாய் 25 காசு சலுகை போய்விடும். 101-லிருந்தே 4 ரூபாய் 50 காசு. 501-ஆவது யூனிட்டுக்கு 8 ரூபாய். ஆக 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடியதற்கு 233 ரூபாய் கூடுகிறது.

கோடையில் 630 யூனிட் ஓடும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். யூனிட் கூடக்கூட விகிதம் இன்னும் ஏறுவதையும் சேர்த்து, பில் 3,020 ரூபாய். அங்கே மூன்று ஃபேன்களை மாற்றினால் 127 யூனிட் குறையும், செட் டாப் பாக்ஸை அணைத்தால் 11 யூனிட். 492-க்கு வந்துவிடுகிறது. பில் 1,677 ரூபாய். ஒரே பில்லில் 1,343 ரூபாய் குறைகிறது. ஃபேன் ஒன்று மூவாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், இப்படி ஏழு பில்லில் போட்ட பணம் திரும்பிவிடும்.

அதே குறிப்பை 180 யூனிட் ஓடும் வீட்டுக்குச் சொன்னால்? ஒரு ஃபேனை மாற்றினால் அங்கேயும் 42 யூனிட் குறையும். ஆனால் பில்லில் 95 ரூபாய்தான் குறையும். போட்ட பணம் திரும்ப ஐந்து ஆண்டுக்கு மேலாகும். 100 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டில் ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது. அந்த வீட்டில் ஃபேன் பழுதாகும் வரை ஓட்டிவிட்டு, புதிதாக வாங்கும்போது பி.எல்.டி.சி. வாங்குங்கள் என்று சொல்வதுதான் நேர்மை. ஒருவர் வீட்டில் பலித்த குறிப்பு இன்னொருவர் வீட்டில் பலிக்காமல் போவதற்குக் காரணம் இப்படிக் கணக்கிலேயே இருக்கிறது. அதனால்தான் குறிப்பு சொல்லும்போது உங்கள் வீட்டின் மொத்த யூனிட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறேன். அது கூச்சப்பட வேண்டிய விஷயம் இல்லை.

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. கரண்ட் பில் கூடினால் முதலில் கண் போவது சமையலறைக்கு. "மிக்ஸி ஓயாமல் ஓடுது, கிரைண்டர் ஓடுது, வாஷிங் மெஷின் தினம் ஓடுது" என்று வீட்டுப் பெண்களைக் குறை சொல்வார்கள். கணக்குப் பாருங்கள். 500 வாட் மிக்ஸி ஒரு நாளில் பத்து நிமிடம் ஓடினால் 0.08 யூனிட். 150 வாட் டேபிள் டாப் கிரைண்டர் அரை மணி நேரம் மாவு ஆட்டினால் அதுவும் 0.08 யூனிட்தான். குளிர்ந்த தண்ணீரில் துவைக்கும் வாஷிங் மெஷின் ஒரு தடவைக்குக் கால் யூனிட் அளவில் முடித்துவிடும். தண்ணீரைச் சூடாக்கித் துவைக்கும் முறையில் வைத்தால்தான் பல மடங்கு ஏறும். அம்மியும் ஆட்டுக்கல்லும் வாங்கிக்கொண்ட உழைப்பை இந்த எந்திரங்கள் இவ்வளவு குறைந்த கரண்டில் இறக்கி வைத்திருக்கின்றன. 2011-இல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியபோது மின்சாரம் வீணாகும் என்று சிலர் பேசினார்கள். மீட்டரை வைத்துப் பார்த்தால் அந்தப் பேச்சுக்கு அடிப்படை இல்லை. கோவைக்காரர்களுக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை, கிரைண்டரை நாட்டுக்கே கொடுத்த ஊர் இது.

அப்படியானால் கரண்ட் எங்கேதான் போகிறது? குளிர்விக்கும் இடத்திலும், சூடாக்கும் இடத்திலும், ஓய்வில்லாமல் ஓடும் இடத்திலும் போகிறது.

வாட்டர் ஹீட்டரைப் பாருங்கள். 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஒரு யூனிட் வேண்டும். இயற்பியல் கணக்கு, இதில் எந்தக் கம்பெனியும் சலுகை தர முடியாது. 60 டிகிரி தண்ணீரில் யாரும் குளிப்பதில்லை. பச்சைத் தண்ணீர் கலந்துதான் குளிக்கிறோம். ஒரு பக்கெட், 15 லிட்டர், 40 டிகிரி சூடு போதும் என்றால் கால் யூனிட்டில் முடிந்துவிடும். தெர்மோஸ்டாட்டைக் குறைத்து வைப்பதும், ஒருவர் பின் ஒருவராக உடனுக்குடன் குளித்துவிடுவதும், காலையில் போட்ட ஹீட்டரை மதியம் வரை மறக்காமல் இருப்பதும்தான் இதில் செய்ய வேண்டியவை. மொட்டைமாடி உள்ளவர்கள் சூரிய வெந்நீர் அமைப்பைப் பற்றி யோசிக்கலாம். கோவைக் குளிருக்கு அது தாராளமாகப் போதும்.

பிரிட்ஜ் ஒன்றுதான் 24 மணி நேரமும் பிளக்கில் இருக்கும் பெரிய கருவி. இதை அளக்க நல்ல வழி, ஊருக்குப் போகும்போது மற்றவற்றையெல்லாம் அணைத்துவிட்டு, மீட்டரில் ரீடிங்கைக் குறித்துவிட்டுப் போவது. பொங்கலுக்கு ஊருக்குப் போய் மூன்று நாள் கழித்துத் திரும்பும்போது மறுபடியும் பாருங்கள். வித்தியாசத்தை மூன்றால் வகுத்தால் ஒரு நாள் கணக்கு வந்துவிடும். கதவைத் திறக்காத வீட்டில் எடுத்த அளவு என்பதால் உண்மையான பயன்பாடு இதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். புதிய பிரிட்ஜின் லேபிளில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று அச்சிட்டிருக்கும். அதை 365-ஆல் வகுத்து, இதோடு ஒப்பிடுங்கள். பழைய பிரிட்ஜை மாற்றலாமா, வேண்டாமா என்ற கேள்விக்குக் கடைக்காரரைவிட இந்த இரண்டு எண்கள் தெளிவாகப் பதில் சொல்லும்.

லேபிளைப் பற்றி ஒரு சிறிய விளக்கம். மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் (BEE) 2006-இல் நட்சத்திரக் குறியீட்டைத் தொடங்கியது. அளவுகோலைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கடுமையாக்குகிறார்கள். பத்து ஆண்டுக்கு முந்தைய ஐந்து நட்சத்திரம் இன்றைய அளவில் மூன்றாகக்கூட இருக்கலாம். எனவே நட்சத்திரத்தை மட்டும் எண்ணாமல் லேபிளில் உள்ள யூனிட்டையும், அது எந்த ஆண்டுகளுக்குச் செல்லும் என்ற வரியையும் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஏ.சி. பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், பலர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். 18-இல் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பது தவறு. சாதாரண ஏ.சி.யில் கம்ப்ரசர் எந்த எண்ணில் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும். எண்ணைக் குறைத்தால் நிற்காமல் நீண்ட நேரம் ஓடும், அவ்வளவுதான். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய மின் துறை சொல்லும் கணக்கு. 2020 ஜனவரி முதல் புதிய ஏ.சி.கள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. 26-இல் வைத்து, மேலே ஃபேனை மெதுவாகச் சுழலவிட்டால் உடம்புக்கும் இதம்.

மோட்டாரை நாம் யாரும் கவனிப்பதில்லை. சிறுவாணித் தண்ணீர் கீழ்த் தொட்டி வரை தானே வந்துவிடுகிறது. அதை மாடிக்கு ஏற்றுவது நம் மோட்டார். ஆயிரம் லிட்டர் தண்ணீரைப் பத்து மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, கணக்குப்படி 0.03 யூனிட்கூட வேண்டாம். ஆனால் ஒரு குதிரைத்திறன் மோட்டார் அதை ஏற்ற 20, 25 நிமிடம் எடுத்துக்கொண்டு அரை யூனிட் வரை செலவழிக்கிறது. ஃபுட் வால்வு கசிந்தாலோ, உள்ளே இம்பெல்லர் தேய்ந்திருந்தாலோ அந்த நேரம் நீண்டுகொண்டே போகும். தொட்டி நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒருமுறை குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்துக் கூடுதல் நேரம் எடுத்தால் மெக்கானிக்கை அழையுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இது இன்னும் முக்கியம். பொது மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் உள்ள இணைப்பில் 100 யூனிட் இலவசம் கிடையாது, முதல் யூனிட்டிலிருந்தே கட்டணம். தொட்டி வழிந்து தெருவில் ஓடும் ஒவ்வொரு நாளும் தண்ணீரும் கரண்டும் சேர்ந்தே போகின்றன.

அடுப்புக்கும் இதே கணக்குதான். தண்ணீர் கொதித்துவிட்ட பிறகு தீயை எவ்வளவு கூட்டினாலும் அதன் சூடு நம் ஊர் மட்டத்தில் 100 டிகிரியைத் தாண்டாது. கூடுதலாக எரியும் கேஸ் ஆவியாகத்தான் போகும். கொதி வந்தவுடன் சிம்மில் வைத்தால் சோறு வேக எடுக்கும் நேரம் மாறாது. பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைப்பது, பாத்திரத்தை மூடி வைப்பது, தீ பாத்திரத்தின் அடியைத் தாண்டாமல் வைப்பது எல்லாம் நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்தவை. தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் பர்னர் அடைத்திருக்கிறது.

பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் 1962-இல் தொடங்கிய மக்கள் அறிவியல் இயக்கம். சைலன்ட் வேலி எனப்படும் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டைக் காப்பாற்றிய போராட்டத்தில் முன்னின்றவர்கள். அவர்கள் புகையில்லாத அடுப்பை வடிவமைத்து வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். பிறகு சூடாறாப் பெட்டி என்ற ஒன்றைப் பரப்பினார்கள். வெப்பம் வெளியேறாத பெட்டி அது. அரிசியைக் கொதிக்கவைத்துச் சில நிமிடம் கழித்து, பாத்திரத்தோடு இறக்கி உள்ளே வைத்து மூடிவிட்டால், மிச்ச வேக்காட்டை அந்தச் சூடே முடித்துக்கொள்ளும். கேஸ் பெருமளவு மிச்சம். விளம்பரப் பலகையால் இது பரவவில்லை. ஒரு வீட்டில் சோறு வடித்துக் காட்டுவார்கள். பக்கத்து வீட்டு அம்மா வந்து பதம் பார்ப்பார். அடுத்த வாரம் அவர் வீட்டுக்கும் பெட்டி வரும். நான் இன்று கேட்பது ஏற்கெனவே நூறு கிலோமீட்டருக்குள் நடந்திருக்கிறது.

இதற்கு நேர் எதிரான விதத்திலும் செய்திகள் பரவுகின்றன. பிளக்கில் செருகினால் பில் பாதியாகும் என்று ஒரு சின்னப் பெட்டியை விற்கிறார்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரு கெப்பாசிட்டரும் ஒரு விளக்கும். வீட்டு மீட்டர் கிலோவாட் மணியை, அதாவது யூனிட்டை, மட்டுமே கணக்கிட்டுக் கட்டணம் போடுகிறது; அந்தக் கெப்பாசிட்டரால் அது குறையாது. வாங்கிவிட்டவர்கள் இன்று இரவே சோதித்துப் பாருங்கள். ஒரு ஃபேனை மட்டும் ஓடவிட்டு, அந்தப் பெட்டியைச் செருகாமல் ஐந்து நிமிடம், செருகி ஐந்து நிமிடம் சிவப்பு விளக்கை எண்ணுங்கள். எண் மாறாது. அதை அடுத்தவரிடம் சொல்லுங்கள், அவர் பணமாவது மிஞ்சும். இரவில் பிரிட்ஜை அணைத்து வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். காலையில் கம்ப்ரசர் அந்தச் சூட்டையெல்லாம் மறுபடி இறக்க ஓடத்தான் வேண்டும், நடுவில் பால் கெட்டுப்போகும்.

சேர்ந்து செய்தால் எவ்வளவு குறையும் என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்காவின் அலாஸ்காவில் ஜூனோ என்ற ஊர். முப்பதாயிரம் பேர் வாழும் ஊர். மலைக்கு அப்பாலிருந்து நீர்மின்சாரம் வந்துகொண்டிருந்தது. 2008 ஏப்ரல் 16 அன்று பனிச்சரிவில் மின்கோபுரங்கள் சாய்ந்தன. டீசல் ஜெனரேட்டர்தான் கதி, கட்டணம் ஏறக்குறைய ஐந்து மடங்காகும் என்று அறிவித்தார்கள். அந்த ஊர் மக்கள் சில வாரத்திலேயே மின்பயன்பாட்டை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிட்டார்கள். துணி உலர்த்தும் எந்திரத்தை விட்டுவிட்டுக் கொடி கட்டினார்கள், பல்புகளை மாற்றினார்கள், தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொன்னார்கள். மின்கம்பி சரியாகிப் பழைய கட்டணம் திரும்பிய பிறகும் அந்தச் சேமிப்பில் ஒரு பகுதி நிலைத்தது. நமக்கும் இப்படி ஒரு காலம் இருந்தது. 2012-இல் கோவையில் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் மின்வெட்டு இருந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பட்டறைகள் மூடிக் கிடந்தன. ஆனால் அது நம்மிடமிருந்து பறிக்கப்பட்ட மின்சாரம். நாம் தேர்ந்தெடுத்துக் குறைத்தது அல்ல.

2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட் வரை போனது. பத்து லட்சம் பழைய ஃபேன்கள் ஒரே நேரத்தில் சுழலும்போது அவை பி.எல்.டி.சி.யாக இருந்தால் 47 மெகாவாட் குறையும். நிலக்கரியில் ஒரு யூனிட் எடுக்க ஒரு கிலோவுக்கு நெருக்கமாகக் கரியமில வாயு வெளியாகிறது, சாம்பல் தனி. அந்தச் சாம்பல் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள எண்ணூருக்குப் போக வேண்டும். கொசஸ்தலை ஆற்றில் படிந்த சாம்பலில் மீனவர்கள் இடுப்பளவு இறங்கி இறால் தேடுகிறார்கள். நம் வீட்டில் யாரும் பார்க்காமல் ஓடும் பெட்டிக்கான விலையில் ஒரு பங்கை அவர்கள் கொடுக்கிறார்கள். எனக்கு இது மறக்க முடியாத விஷயமாக இருக்கிறது.

அதற்காக யாரும் புழுக்கத்தில் கிடக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கைக்குழந்தை இருக்கும் வீட்டில், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் ஃபேனை அணைக்கச் சொல்வது சிக்கனம் ஆகாது. கடும் வெப்பம் உயிரைப் பறிக்கும். அதே காற்று, அதே வெந்நீர், அதே சோறு, குறைந்த யூனிட்டில். இதற்கு மேல் யாரிடமும் எதுவும் கேட்கக் கூடாது. கருவியைச் சரியாகச் செய்ய வேண்டியவர்கள் கம்பெனிகளும் அரசும்தான். 2014-இல் அரசு எல்.இ.டி. பல்பைக் கொள்முதல் செய்த விலை 310 ரூபாய். மொத்தமாக வாங்கத் தொடங்கியதும் 2016-இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. குண்டு பல்பு நம் வீட்டை விட்டுப் போனதற்கு அந்த முடிவு பெரிய காரணம். ஃபேனுக்கும் அந்த அளவுக்குக் கொள்முதல் நடக்க வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். 180 யூனிட் வீட்டுக்கு ஃபேன் மாற்றுவது கட்டுப்படியாகவில்லை என்று சற்றுமுன் சொன்னேனே, விலை பாதியானால் அந்தக் கணக்கே மாறிவிடும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. வீட்டு உரிமையாளர் துணை மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று ஒரே விலையாக வாங்கும் வீடுகள் ஏராளம். அவர்களுக்கு இலவச 100 யூனிட்டும் இல்லை, சலுகை விகிதமும் இல்லை. முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய், பத்து ரூபாய் கொடுக்கிறார்கள். கணக்குப்படி பார்த்தால், யூனிட் குறைவாக ஓடும் வீடுகளில் ஃபேன் மாற்றுவதால் மிக அதிகமாகப் பயனடைவது அவர்கள்தான்: ஒரு ஃபேனுக்கு 42 யூனிட், எட்டு ரூபாய் என்றால் 336 ரூபாய். ஒன்றரை ஆண்டில் ஃபேன் விலை திரும்பிவிடும். வீடு மாறும்போது கழற்றி எடுத்துக்கொண்டும் போகலாம். இங்கே வந்திருக்கும் வீட்டு உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். குடியிருப்பவருக்குத் தனி மின் இணைப்பு வாங்கிக் கொடுங்கள். அது முடியாவிட்டால், அவர் ஃபேனை மாற்றக் கேட்கும்போது கொக்கியில் தொங்கும் பழையதை இறக்கிக்கொள்ளச் சம்மதியுங்கள்.

அடுத்த கூட்டம் பொங்கலுக்குப் பிறகு என்று செயலாளர் சொல்கிறார். நல்லது. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் பிரிட்ஜ் கணக்கோடு வாருங்கள். போகாதவர்கள் ஃபேன் கணக்கோடு வாருங்கள். வீட்டின் மொத்த யூனிட், எந்தக் கருவி, மாற்றுவதற்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தால் போதும். யூனிட் குறைவாக உள்ள வீட்டுக்காரர்களை முதலில் பேசச் சொல்வோம். மீட்டரில் 3200 அல்லாத எண் இருப்பவர்கள் அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தருகிறேன். இப்போது கேள்விகளைக் கேளுங்கள்.